கூத்துக் கொப்பிகளுக்கு ஓர் அறை வேண்டும்

மதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்கட்கு,

சென்ற பங்குனி மாதத்தில் எங்கள் அயலில் ஒரு பழைய நாற்சார் வீடு இடிக்கப்பட்டது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வேலையை ஒப்புக்கொண்டவர்கள் ஓடு, வளை, கதவு, நிலை எல்லாவற்றையும் கணக்காகக் கழற்றி அடுக்கிவிட்டு, மிஞ்சியதைப் பின்வளவில் குவித்துக் கொளுத்தினார்கள். புகையைக் கண்டு நான் போனபோது ஒரு றங்குப்பெட்டியின் அடித்தட்டு மாத்திரம் எரியாமல் இருந்தது. அதிலிருந்து எடுக்க முடிந்தவை இரண்டு: ஒரு மூலை கருகிய நாடக நோட்டீஸ் ஒன்று, கரைகள் தீய்ந்த அரைக் கொப்பி ஒன்று. அந்த வீட்டு மூத்தவர் ஒருகாலத்தில் இசை நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர் என்பதை அறிந்தவர்கள் ஊரில் இன்று ஐந்தாறு பேர் இருப்போம். தீ வைத்த பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. "இதை எங்கே ஐயா கொண்டுபோய்க் கொடுக்கிறது?" என்று அவர்களில் ஒருவன் என்னைக் கேட்டான். இருபத்தெட்டு வருடங்கள் நாடகமும் அரங்கியலும் படிப்பித்த எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு யாழ்ப்பாண நகரம் ஒரு மறுமொழி வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த நோட்டீஸைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மங்கிய ரோசாப்பூ நிறத் தாள். 'சத்தியவான் சாவித்திரி' என்ற பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே யமனாக வருபவர் யார், நாரதராக வருபவர் யார், ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார் என்ற விபரம் ஊர்ப் பெயர்களோடு வருகிறது. கதிரை 1 ரூபா, வாங்கு 50 சதம், நிலம் 25 சதம்; பெண்களுக்குத் தனி இடம் உண்டு; மழை பெய்தால் மறுநாள்; அடியில் அச்சகத்தின் பெயர். ஆண்டு அச்சிட்டிருந்த மூலைதான் எரிந்து போயிற்று. சாவித்திரியின் கதையை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் அந்தக் கதையைப் பார்க்க வந்தவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், எங்கே இருந்தார்கள், எந்த ஊர் ஆர்மோனியக்காரர் எந்த ஊர் மேடைக்கு அழைக்கப்பட்டார் என்பவற்றை இப்படிப்பட்ட ஒற்றைத் தாள் மட்டுமே சொல்லும். நிலத்தில் இருந்தவரையும் கதிரையில் இருந்தவரையும் அக்காலத்தில் பிரித்து வைத்தது காசு மாத்திரம் அன்று என்பதை நம்மில் வயது சென்றவர்கள் அறிவார்கள். அந்த உண்மையை நாளைக்கு ஒருவர் எழுத வேண்டுமானால், அவருக்கு ஆதாரமாக நிற்கப்போவதும் இந்த நோட்டீஸ்தான்.

யாழ்ப்பாணத்து அரங்கைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பவை பெரும்பாலும் யாரோ ஒருவர் முன்வந்து எழுத்தில் ஏற்றியவை. கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) தமது நாடக வாழ்வைத் தாமே எழுதி வைத்ததனால், 1913இல் கொழும்பில் தொடங்கிய லங்கா சுபோத விலாச சபாவின் காலத்து மேடையை நாம் ஓரளவு காண்கிறோம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தமது நாடகங்களை 1940இல் 'நானாடகம்' என்றும் பிறகு 1956இல் 'சங்கிலி' என்றும் அச்சேற்றியதனால், யாழ்ப்பாணத்துப் பேச்சு மேடையில் எப்படி ஒலித்தது என்பது தெரிகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவர்களைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மேடையேற்றியதோடு நில்லாமல், மன்னார்ப் பகுதியின் கூத்துப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்தார். கலாநிதி காரை செ. சுந்தரம்பிள்ளை ஊர் ஊராகப் போய் நாட்டார் அரங்கையும் இசை நாடகத்தையும் ஆராய்ந்து எழுதினார். இவர்கள் எழுதியிராவிட்டால் நாம் இன்று வெறுங்கையோடு நின்றிருப்போம். ஆனால் ஒருவர் எழுதி முடித்த வரலாறு வேறு, அவர் எந்தத் தாள்களைப் பார்த்து எழுதினாரோ அந்தத் தாள்கள் வேறு. அடுத்த தலைமுறை ஆய்வாளர் அதே தாளை மறுபடி கையில் எடுத்து, முன்னவர் காணாததைக் காண வேண்டும். அதற்கான இடம் நம்மிடம் இல்லை.

இழப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1981. மே மாதக் கடைசி நாள் இரவு வைத்த தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. நாடக வரலாற்றைத் தேடுபவருக்கு இரண்டும் இழப்புத்தான். ஏனென்றால் ஒரு நாடகம் எந்த நாள், எந்த மண்டபத்தில் நடந்தது என்பதற்குப் பத்திரிகை விளம்பரமே பல வேளைகளில் ஒரே சாட்சி. அதன் பின்னர் 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவும் (1924–1989) அவருடைய வசந்த கான சபாவும் 'மயான காண்டம்' ஆடிப் புகழ் பெற்ற காங்கேசன்துறைப் பக்கத்துக் குடும்பங்கள், உடுத்த உடுப்போடு வந்தவர்கள், பல ஆண்டுகளுக்குத் திரும்பிப் போக முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்து மழையில் நடந்தது. அந்த இரவு ஒரு சைக்கிளில் ஏற்றக்கூடிய சுமைக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வீடும் முடிவெடுத்தது. கூத்துக் கொப்பியை எடுத்தவர்கள் மிகச் சிலர். எடுத்த அந்தச் சிலருடைய வீடுகளில்தான் இன்று நாம் பேசும் தாள்கள் இருக்கின்றன. அவை போரில் தப்பியவை. இப்போது கறையானாலும், வீடு திருத்துவதாலும், பிள்ளைகள் பிற தேசங்களில் இருப்பதாலும் போகின்றன.

என் மனத்தை விட்டு அகலாத ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், என் வகுப்பு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் கரையோரத்தில் ஓர் அண்ணாவியாரைக் காணப் போனேன். கத்தோலிக்க மக்கள் ஆடும் தென்மோடிக் கூத்தைப் பழக்கியவர். உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். பழைய கலண்டர் மட்டையால் அட்டை போட்ட கொப்பி. மீன்பிடிக் கயிறு போன்ற நூலால் தைத்திருந்தது. விருத்தம், தரு என்ற இரு பாட்டு வகைகளும் வேறு வேறு மையில் எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கங்களில் ஓர் இடாப்பு இருந்தது. இக்கூத்தில் விடிய விடிய ஆடுவதனால் ஒரே பாத்திரத்தை ஒருவருக்குப் பின் ஒருவராகப் பலர் ஆடுவார்கள். முதலாம் இராசா இன்னார், இரண்டாம் இராசா இன்னார், மூன்றாம் இராசா இன்னார் என்று, அந்த ஊர் முழுவதும் அந்த இடாப்பில் இருந்தது. சில பெயர்களுக்கு நேரே சிறு சிலுவை இட்டிருந்தார். கடலில் போனவர்கள் என்றார். மாணவி ஒருத்தி அதில் தன் பாட்டனாரின் பெயரைக் கண்டு விரல் வைத்தாள். அவர் கூத்தாடினார் என்பது அவள் வீட்டில் யாரும் சொல்லாத செய்தி. இப்படி ஒரு கொப்பி நாடகப் பிரதி மட்டும் அன்று. அது ஓர் ஊரின் பதிவேடு. அண்ணாவியார் இப்போது இல்லை. கொப்பி எங்கே என்று விசாரித்தேன். மகன் கனடாவுக்குப் போகும்போது கொண்டுபோனார் என்றார்கள்.

இவ்வளவு பெறுமதியானதை ஏன் முன்னமே ஒரு நூலகத்தில் கொடுக்கவில்லை என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். கொடுக்காததற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கூத்துப் பிரதி ஊரின் சொத்து. அது வெளியே போனால் வேறு ஊரார் எடுத்து ஆடிவிடுவார்கள், தங்கள் அண்ணாவியின் பெயர் இல்லாமலே போய்விடும் என்ற பயம் உண்டு. அந்தப் பயம் வீணானதன்று. அப்படி நடந்தும் இருக்கிறது. ஆகவே ஆவணத்தை ஏற்பவர்கள் அந்தப் பயத்துக்கு விடை சொல்லும் ஒழுங்கை முதலில் செய்ய வேண்டும். நியூயோர்க் பொது நூலகத்தின் அரங்கக் கலைப் பிரிவு 1970 தொடக்கம் மேடை நாடகங்களைப் பார்வையாளர் முன்னிலையில் நடக்கும்போதே ஒளிப்பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால் அவற்றை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நூலகத்துக்குள் வந்து, முன்னமே அனுமதி பெற்று, அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். நடிகருடைய உரிமையும் எழுதியவருடைய உரிமையும் இதனால் காப்பாற்றப்படுகின்றன, வரலாறும் காப்பாற்றப்படுகிறது. 'பார்க்கலாம், படி எடுக்க இயலாது' என்று ஓர் ஊர் விரும்பினால் அந்த நிபந்தனையை எழுத்தில் ஏற்றுக்கொள்வதில் நமக்கு என்ன தடை?

இரண்டாவது காரணத்தை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. என் தகப்பனார் ஆர்மோனியக்காரர். பாட்டுக்களை எழுதி வைத்த நான்கு கொப்பிகள் அவரிடம் இருந்தன. ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் பாடுபவருக்கு ஏற்ற சுருதிக் கட்டை குறித்திருப்பார். 'இவ்விடத்தில் சீன் இழுக்கவும்' என்றும், 'அழுது முடியும் வரை நிறுத்தாமல் வாசிக்கவும்' என்றும் தமக்குத் தாமே எழுதிய குறிப்புகள் இருக்கும். பின்பக்கங்களில் பெற்றோல்மக்ஸ் வாடகை, வண்டிக் கூலி, தேத்தண்ணிச் செலவு. அவற்றுள் முதலாவது கொப்பியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் மரியாதையாகத்தான் வாங்கினார். பற்றுச்சீட்டுத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஒரு மாணவருக்காக அதைப் பார்க்கப் போனபோது, வாங்கியவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். எந்தப் பதிவிலும் அது இல்லை. மூன்று முறை அலைந்தேன். அந்தக் கொப்பி இன்றைக்கும் கிடைக்கவில்லை. யாரையும் பழிக்க இதை எழுதவில்லை. பதிவேட்டில் ஏறாத ஆவணம் தொலைந்ததற்குச் சமன் என்பதை என் தகப்பனாரின் கையெழுத்தைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எண்ணிமப்படுத்திவிட்டால் போதாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 2005 தொடக்கம் நூலகம் இணையத் தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் யாரும் எங்கிருந்தும் படிக்கும்படி செய்திருப்பது நம் காலத்தில் நடந்த மிகப் பெரிய பணிகளுள் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுன்னாகத்திலிருந்து 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரி போன்ற பழைய பத்திரிகைகளைப் புரட்டாமல் இங்கே நாடக வரலாறு எழுத முடியாது. அப்படிப் புரட்டுவதற்கு இன்று கொழும்புக்குப் போய்த் தங்க வேண்டியதில்லை என்பது எங்கள் தலைமுறை கனவிலும் நினையாத வசதி. ஆனால் படியெடுத்த பிறகு மூலம் எங்கே போகும்? பெரும்பாலும் அதே வீட்டின் அதே பெட்டிக்குத்தான். மேலும் நாடகச் சாமான் எல்லாம் தாள் அல்ல. முடி, தோளில் கட்டும் புயம், கண்ணாடி பதித்த உடுப்பு, வர்ணம் தீட்டிய சீன் திரை, தாளம் போடும் சல்லரி, துருத்தி கிழிந்த ஆர்மோனியம் ஆகியவற்றை ஸ்கான் செய்து வைக்க முடியாது. காடும் அரண்மனையும் எழுதிய பழைய சீன் ஒன்று நெல்லுக் காயப்போடும் படங்காகக் கிடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் அவசரமானவை கசெற்றுகள். 1990இன் நடுப்பகுதி தொடக்கம் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளிலும் இங்கே நாடகம் நிற்கவில்லை. அக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாயிற்று. அதே டைனமோவில் கசெற் பதிவும் செய்தார்கள். அந்தக் கசெற்றுகள் இப்போது பூஞ்சணம் பிடித்து, நாடாவும் நாடாவும் ஒட்டிக் கிடக்கின்றன. நம் உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் அவை நெடுங்காலம் நில்லா. அதைவிட, போட்டுக் கேட்பதற்கான கருவிகளும் திருத்துபவர்களும் அருகிவிட்டார்கள். 1985இல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தின் பிரதி நமக்கு இருக்கிறது. எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் பெயரும் நெறிப்படுத்திய க. சிதம்பரநாதனின் பெயரும் மறக்கப்படமாட்டா. ஆனால் அந்த நாடகம் நடந்த வெளியில் இருந்த எங்களுக்குத் தெரியும், சனம் எந்த வரியில் மூச்சடங்கி இருந்தது, எந்த இடத்தில் விம்மியது என்று. அது பிரதியில் இல்லை. பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை இருத்திக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வேட்டுக்காகக் கலைஞர்களைச் செவ்வி காணும் மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆய்வேடு முடிந்ததும் அந்த ஒலிப்பதிவு அவர்களுடைய பழைய கைத்தொலைபேசியோடு போய்விடுகிறது. ஆய்வேட்டோடு ஒலிப்பதிவையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி வைப்பதற்குக் காசு தேவையில்லை.

நான் கேட்பது புதிய கட்டடம் அன்று. மாநகர சபையின் பொது நூலகம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கோடும் இரு தளங்களில் அருங்காட்சியகத்தோடும் 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டு, இப்போது திருவள்ளுவரின் பெயரைத் தாங்கி நிற்கும் பண்பாட்டு மையம் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றில், மேல்மாடியில், ஈரம் ஏறாத ஓர் அறை போதும். சுவடிக் காப்பில் பயிற்சி பெற்ற ஓர் அலுவலரும், சேகரிக்கப் போகும் இளைஞர் ஒருவரும் வேண்டும். முக்கியமாக ஒரு பதிவேடும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வேண்டும். கொடுப்பவர் தானமாகக் கொடுக்கிறாரா, பாதுகாப்புக்காக வைக்கிறாரா, படியெடுத்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமா என்ற மூன்றில் ஒன்றை அந்தப் பற்றுச்சீட்டிலே எழுதி இருவரும் கையொப்பம் இட வேண்டும். புகைப்படம் வந்தால், அதில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக அந்த நேரத்திலேயே கேட்டு எழுத வேண்டும். பெயர் தெரியாத படம் இருபது வருடத்தில் வெறும் தாளாகிவிடும். திருமறைக் கலாமன்றம் 1965 தொடக்கம் இயங்கி, 'ஆற்றுகை' என்ற அரங்கியல் இதழையும் வெளியிட்டது. 1978இல் உருவான நாடக அரங்கக் கல்லூரியோடு சேர்ந்து நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இவர்களிடம் உள்ளதைப் பறித்து ஓரிடத்தில் குவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவரிடம் எது இருக்கிறது என்ற ஒரே பட்டியல் அந்த அறையில் இருந்தால், தேடி வருபவர் பத்து வாசல்களில் அலைய வேண்டியிராது.

கொழும்பையும் மறக்கக் கூடாது. 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது ஆற்றுகைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாடகப் பிரதிகள் தணிக்கைக்குப் போயின. இங்கிலாந்தில் 1824 முதல் 1968 வரை தணிக்கைக்காகக் கொடுத்த நாடகப் பிரதிகள் பிரித்தானிய நூலகத்தில் சேர்ந்திருப்பதனால், அச்சேறாத ஆயிரக்கணக்கான நாடகங்கள் அந்நாட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. கட்டுப்படுத்துவதற்காக வாங்கிய தாளே பிற்காலத்தில் காப்பாகியது. நம் பிரதிகளுள் எஞ்சியவற்றைத் தலைநகரத்து அலுவலகங்களில் தேடிப் பட்டியலிட்டு, படி கேட்டுப் பெறுவதும் அந்த அலுவலரின் வேலைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும். தனி மனிதர் சேர்த்தது பொதுச் சொத்தாகலாம் என்பதற்குத் தமிழகமும் சான்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நூலோடு நோட்டீஸையும் அழைப்பிதழையும் விடாமல் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பே 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இயங்குகிறது. நம் பொது நூலகமும் அப்படித் தொடங்கியதுதானே? 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்த நூல்களிலிருந்து வளர்ந்தது அது. கேட்கும் முறையில் கேட்டால் யாழ்ப்பாணத்தார் கொடுப்பார்கள்.

அதுவரை வீடுகளில் வைத்திருப்பவர்களிடம் சில வார்த்தைகள். பழைய கொப்பியைத் தயவு செய்து லமினேற் செய்யாதீர்கள், கிழிசலைச் செலோரேப்பால் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைத் தின்றுவிடும். துருப்பிடித்த ஊசியை மெதுவாகக் கழற்றிவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாத உயரத்தில் வையுங்கள். கறையான் மருந்தைத் தாளின் மேல் அடிக்காதீர்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரை அருகில் இருத்தி, எந்த ஊர், எந்த வருடம், யார் யார் என்று கேட்டு, வேறொரு தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். வீடு இடிக்கக் கொடுப்பவர்கள், தூரதேசத்தில் இருந்தாலும், பெட்டிகளைத் திறந்து பார்க்கும்படி ஓர் உறவினருக்குச் சொல்லி வையுங்கள்.

மாநகர சபையும், பண்பாட்டு மையத்தைப் பொறுப்பேற்றிருப்பவர்களும், வட மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் ஒரு நாள் ஒரு மேசையில் இருந்து இதைப் பேச வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். என் தகப்பனாரின் மற்ற மூன்று கொப்பிகளும், தீயிலிருந்து எடுத்த அந்த நோட்டீஸும் அரைக் கொப்பியும், இரண்டு கசெற்றுகளும் என்னிடம் இருக்கின்றன. பதிவேடு திறக்கும் திகதியைத் தாங்கள் அறிவித்தால், அன்று காலையிலேயே கொண்டுவந்து ஒப்படைப்பேன். பற்றுச்சீட்டை மாத்திரம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நாடகமும் அரங்கியலும் பாட ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.